எடுத்துக்காட்டு நிரலைத் திட்டத்துக்கு அனுப்பும் முன்

கேள்வி: தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்த ஒரு கட்டற்ற பைத்தான் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். அதைக் கையாளும் விதத்தைக் காட்ட 200 வரியில் ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஃபங்ஷன், நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்தது. லைப்ரரியின் உரிமம் எம்ஐடி, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த விடும் தாராளமான உரிமம். என் நிரலைத் திட்டத்திலேயே எடுத்துக்காட்டாகச் சேர்க்கும்படி அனுப்பலாமா? எங்கே வைப்பது? உரிமம் பற்றி நான் ஏதாவது எழுத வேண்டுமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், ஆனால் இப்போது இருக்கிறபடி வேண்டாம். எடுத்துக்காட்டு நிரலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. வெட்டித் தன் கோப்பில் ஒட்டி, ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் இதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

முதல் வேலை, அந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஃபங்ஷனை நீக்குவது. அந்தத் தளத்தில் பதிவாகும் நிரல்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ உரிமத்தில் வருபவை. 2018 மே 2 முதல் பதிவானவற்றுக்கு 4.0 பதிப்பு, அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய பதிப்புகள். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். எம்ஐடி திட்டத்துக்குள் அது நுழைந்துவிட்டால், எம்ஐடிதானே என்று நம்பி எடுத்துப் போகிறவர் தலையில் தெரியாமலேயே இந்த நிபந்தனை விழும். மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் உள்ள திட்டம் என்றால், 4.0 பதிவுகளைச் சேர்க்க வழி உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் 2015-இல் அதற்கு ஒருவழிப் பொருத்தம் அறிவித்தது: 4.0 நிரல் ஜிபிஎல்லுக்குள் போகலாம், திரும்பி வர முடியாது. எம்ஐடிக்கு அந்தச் சலுகை இல்லை. வேரியபிள் பெயர்களை மாற்றிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பதிப்புரிமை யோசனைக்குக் கிடையாது, எழுதிய வரிகளுக்கு உண்டு. எனவே யோசனையை வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வரிகளை நீங்களே எழுதுங்கள்.

உங்கள் சொந்த வரிகளுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. திட்டம், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்து, அதில் உரிமக் கோப்பும் இருந்தால், நீங்கள் அனுப்புவது அதே உரிமத்தில் சேரும் என்று கிட்ஹப்பின் விதிமுறையே சொல்கிறது. சில திட்டங்கள் கமிட்டில் (மாற்றத்தைப் பதிவு செய்யும் படியில்) 'சைன்டு-ஆஃப்-பை' வரி கேட்கும். லினக்ஸ் கர்னலில் 2004-இல் வந்த வழக்கம் அது. கமிட் கட்டளையோடு '-s' (சிறிய எஸ்) சேர்த்தால் வரி தானாக விழும். 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எம்ஐடி உரிமம், நிரலின் கணிசமான பகுதியை எடுப்பவர் பதிப்புரிமைக் குறிப்பையும் கூடவே வைக்கச் சொல்கிறது. லைப்ரரிக்கு அது நியாயம். பத்து வரி எடுத்துக்காட்டை ஒட்டுகிறவருக்கு அது வீண் தொல்லை, பெரும்பாலோர் செய்வதும் இல்லை. அதனால்தான் மொசில்லாவின் இணைய நிரலாக்க வழிகாட்டித் தளமான எம்டிஎன், 2010 ஆகஸ்ட் 20 முதல் சேர்ந்த மாதிரி நிரல்களைப் பொதுச் சொத்தாகவே விட்டிருக்கிறது. அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மாதிரிகள் பலவும் அந்தக் குறிப்பைக் கேட்காத எம்ஐடி-0 உரிமத்தில் வருகின்றன. பதிப்புரிமையை முழுதும் விட்டுக்கொடுக்கும் சிசி0 பலருக்குப் பழகிய பெயர்தான், ஆனால் அது காப்புரிமைகளை (பேட்டன்ட்) தொடாமல் விடுவதால், லினக்ஸ் வெளியீடான ஃபெடோரா 2022-இல் நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. என்னைக் கேட்டால் எம்ஐடி-0 போதும் என்பேன். முடிவு திட்டத்தின் பராமரிப்பாளருடையது, ஆகவே திட்டப் பக்கத்தின் 'இஷ்யூ' பகுதியில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து அந்த 200 வரி. மெனு, வண்ண எழுத்து, கோப்பு திறப்பது எல்லாம் எதற்கு? லைப்ரரி எதைச் சரிசெய்கிறது என்று காட்ட இரண்டே சொல் போதும்: பலா, பனை. நம் அகரவரிசையில் ல முன்னே வரும், ன கடைசி எழுத்து. ஆக பலா முந்த வேண்டும். பைத்தானின் சாதாரண வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான 'சார்ட்டட்' பனையை முன்னே தள்ளும், ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ந-வை ஒட்டியே ன உட்கார்ந்திருக்கிறது, ல வெகுதூரம் தள்ளி வருகிறது. முதலில் சாதாரண வரிசை, பிறகு லைப்ரரியின் வரிசை, இரண்டின் விடையும் கீழே. பத்து வரி தாண்டாது, பார்த்தவுடன் புரியும்.

கோப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். லினக்ஸில் எழுதாவிட்டாலும் ஓடிவிடும். விண்டோஸில் இன்று பலரிடம் இருக்கும் பைத்தான் பதிப்புகள் கணினியின் பழைய என்கோடிங்கை எடுத்துக்கொண்டு பிழை காட்டும், இல்லாவிட்டால் குப்பை எழுத்தைக் கொட்டும்.

வைக்கும் இடம் பெரிய விஷயமில்லை. 'எக்ஸாம்பிள்ஸ்' கோப்புறை ஏற்கெனவே இருந்தால் அங்கே. சிறு மின்னணுப் பலகைகளுக்கு நிரல் எழுதும் ஆர்டுயினோ போன்ற இடங்களில் மட்டும் பெயர் கறார்: கோப்புறை சரியாக அந்தப் பெயரில் இருந்தால்தான் நிரல் எழுதும் மென்பொருளான ஐடிஇ-யின் மெனுவில் மாதிரிகள் தெரியும்.

அந்த நிரலைத் திட்டத்தின் தானியங்கிச் சோதனை ஓட்டுகிறதா என்பதுதான் பெரிய விஷயம். ஓட்டாவிட்டால், அடுத்த பதிப்பில் ஒரு ஃபங்ஷன் பெயர் மாறியதும் உங்கள் எடுத்துக்காட்டு சத்தமில்லாமல் செத்துவிடும். புதிதாக வருகிறவர் முதலில் தொடுவது அதைத்தான், 'லைப்ரரியே வேலை செய்யவில்லை' என்று போய்விடுவார். கோ மொழியில் எடுத்துக்காட்டின் முடிவில் 'அவுட்புட்' குறிப்பு எழுதினால், சோதனையின்போது அது ஓடி, விடையும் ஒப்பிடப்படும். குறிப்பு இல்லையென்றால் கம்பைல் ஆவதோடு சரி. ரஸ்டில் 'கார்கோ டெஸ்ட்' எடுத்துக்காட்டுகளைக் கம்பைலாவது செய்து பார்த்துவிடும். உங்களுக்கு, விளக்க உரையில் எழுதிய எடுத்துக்காட்டை ஓட்டிப் பார்க்கும் பைத்தானின் 'டாக்டெஸ்ட்' இருக்கிறது. 2001 முதல் மொழியோடு சேர்ந்தே வருவது. பலா, பனை வரிகளை லைப்ரரியின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனின் விளக்க உரைக்குள்ளேயே மூன்று 'கிரேட்டர்' குறிகளோடு எழுதி, எதிர்பார்க்கும் விடையை அடுத்த வரியில் வைத்தால் போதும். ஓர் எழுத்து மாறினாலும் சோதனை சிவப்பாகும். தனிக் கோப்பே தேவைப்படாமல் போகலாம்.

அனுப்பும் முன் ஒருமுறை துழாவிப் பாருங்கள். ஏபிஐ சாவி (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு), கடவுச்சொல் எதுவும் இருக்கக் கூடாது. தவறிப்போய் ஏறிவிட்டால் வரியை அழிப்பது போதாது, கிட் வரலாற்றில் அது கிடக்கும், சாவியையே ரத்து செய்ய வேண்டும். மாதிரி முகவரி வேண்டுமானால் எக்ஸாம்பிள்.காம் இருக்கிறது. 1999-இல் ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதி ஆவணம் இதற்கென்றே ஒதுக்கியது. சொற்பட்டியலை ஏதாவது அகராதித் தளத்திலிருந்து இறக்கியிருந்தால் அதற்கும் உரிமம் பாருங்கள். பத்துச் சொல் நீங்களே எழுதினால் அந்தக் கவலை இல்லை.

ஒரு புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கும்படி அனுப்பும் கோரிக்கையில்) ஓர் எடுத்துக்காட்டு மட்டும் வையுங்கள். பராமரிப்பாளர் வேண்டாம் என்றால் உங்கள் சொந்த ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) போட்டு, லைப்ரரியின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சுட்டி மட்டும் கேளுங்கள். அப்படிச் செய்யும்போது லைப்ரரியின் எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை நிரலின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.