70,000 ரூபாய்க்குள் கல்யாண வேலைக்கும் பறவைப் படத்துக்கும் எந்த கேமரா வாங்கலாம்? எடிட் செய்த படம் ஏமாற்று வேலையா?

நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும் ஒரு தம்பி இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. சின்னச் சின்ன விசேஷங்களுக்குப் படம் எடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்க வேண்டும், நேரம் கிடைத்தால் தேரூர் குளத்தில் பறவையும் எடுக்க வேண்டும். ஆனால் கூட்டாளி ஒருவர், "நல்ல கேமரா வாங்கினா எடிட்டே வேண்டாம், எடிட் பண்ணினா அது பொய்ப்படம்" என்கிறாராம்.

தக்கலைப் பக்கம் ஸ்டூடியோ நடத்துகிறேன். அதனால் கூட்டாளி சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அது தீராமல் கேமரா பேச்சுக்குப் போனால் தப்பான கேமராதான் வாங்குவீர்கள்.

எடிட் இல்லாத டிஜிட்டல் படம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரு நிறத்தை மட்டும்தான் பிடிக்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் கணக்கில் வந்தது. அதற்கு மேல் கூர்மை, செறிவு, வெளிச்சம் எல்லாம் எவ்வளவு என்று ஜப்பானில் யாரோ ஒரு பொறியாளர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுத்து நீங்களே செய்தால் அந்த முடிவு உங்கள் கைக்கு வருகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எது ஏமாற்று? எவ்வளவு எடிட் செய்தோம் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. இந்தப் படம் யார் கைக்குப் போகிறது, அவர் இதை நம்பி என்ன முடிவெடுக்கப் போகிறார் என்று பார்க்க வேண்டும். ஸ்டூடியோவில் வரும் வேலைகளைச் சொல்கிறேன், புரியும்.

இறந்தவர் படம் கேட்டு வருவார்கள். கையில் ஒரு பழைய கல்யாண குரூப் போட்டோ இருக்கும், அதில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் மறைந்து நிற்பார். அல்லது அடையாள அட்டை நகல் ஒன்று, கண் பாதி மூடியிருக்கும். அதைப் பெரிதாக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணைத் திறந்து, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுக்க வேண்டும், அஞ்சலி போஸ்டர் அன்றைக்கே சுவருக்குப் போகணும். அந்தப் படத்தில் உண்மையாக எடுத்தது என்று பார்த்தால் மூக்கும் வாயும்தான் மிஞ்சும். ஆனால் அதைப் பார்த்து ஏமாறுகிறவர் யாரும் இல்லை. அதுபோலத்தான் துபாயில் இருக்கிற அண்ணனைக் குடும்பப் படத்தில் ஓரமாக ஒட்டிக் கேட்பதும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். நிழல் விழும் திசை மட்டும் சரியாக இருக்கும்படி பார்த்து ஒட்டிக் கொடுப்பேன்.

இன்னொருவர் வந்தார். பக்கத்து மனையில் குழி தோண்டியதில் அவர் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்துவிட்டது, வழக்குப் போடப் போகிறார். "விரிசல் படத்துல சரியா தெரியமாட்டேங்கு, கொஞ்சம் எடுப்பா ஆக்கித் தாருங்க" என்றார். கருப்பு வெள்ளை வித்தியாசத்தைக் கூட்டும் கான்ட்ராஸ்ட் என்ற ஒரே ஒரு பட்டனைக் கொஞ்சம் தள்ளினால் போதும், எதையும் ஒட்டவோ வெட்டவோ வேண்டாம். ஆனால் அதைச் செய்தால் மயிரிழை விரிசல் கைவிரல் நுழையும் பிளவு மாதிரி ஆகிவிடும். முடியாது என்று சொல்லி, விரிசல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி, பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அஞ்சலி போஸ்டரில் நூறு மாற்றம் செய்தும் பொய் இல்லை, இங்கே ஒரு மாற்றம் செய்தாலே பொய்.

கல்யாண வேலைக்கு வருவதாகச் சொல்கிறீர்கள், அதனால் தோல் நிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "பிள்ளைக்க முகத்தக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்க மக்ளே" என்று அம்மாக்கள் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். வரன் பார்க்க அனுப்பும் படத்தில் இதை நான் செய்வதில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறி வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். வந்து நேரில் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனால் அந்தக் கேவலம் அந்தப் பிள்ளைக்குத்தான், எனக்கில்லை. பரு, வியர்வை, தூங்காத கண்ணின் கருவளையம் இவற்றை எடுப்பேன், இரண்டு வாரத்தில் தானாகவே போகிறவை. மச்சம், தழும்பு, நிறம், தாடை இவற்றில் கை வைக்க மாட்டேன்.

கல்யாண ஆல்பத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது. மண்டபத்து மேடையில் ஊதா எல்இடி, மேலே மஞ்சள் பல்பு, வீடியோக்காரர் கையில் வெள்ளை லைட். இதில் நம் ஊர்த் தோல் சாம்பல் பூசினது போல வரும். அதைத் திருத்தி மாநிறத்தை மாநிறமாகவே கொண்டு வருவதுதான் எடிட்டரின் நிஜமான வேலை. இங்கே எடிட் செய்யாமல் கொடுத்தால்தான் பொய். பெண்ணின் நிறம் தெரிய வேண்டுமென்றால் காலையில் ஒப்பனைக்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்து குழம்ப வேண்டாம்.

இனி நம்மூர்க் கடற்கரைப் படங்கள். சித்ரா பௌர்ணமி வந்துவிட்டால் வாட்ஸப்பில் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் பூசணிக்காய் அளவு நிலா வந்துவிடும். மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அதாவது ஒரு பொருள் தன் உயரத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் நின்றால் நிலாவின் அளவில் தெரியும். பீடத்தோடு சேர்த்துச் சிலை 133 அடி, கிட்டத்தட்ட நாற்பதரை மீட்டர். நிலா சிலை அளவுக்குத் தெரிய நீங்கள் நாலரை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரையிலிருந்து சிலை நிற்கும் பாறை அரை கிலோமீட்டர் என்று வைத்தால், கரையில் நின்று எடுக்கும் படத்தில் நிலா சிலை உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் வரும், எந்த லென்ஸ் போட்டாலும் சரி. போனின் சாதாரண கேமராவில் நிலா படத்தின் உயரத்தில் நூறில் ஒரு பங்கு. முன்னால் கூட்டம், படகு எல்லாம் அகலமாகத் தெரிந்து பின்னால் பெரிய நிலாவும் இருந்தால் அது ஒட்டுப்படம், சந்தேகமே வேண்டாம்.

அதை ஒட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலண்டருக்கு நானும் ஒட்டிக் கொடுப்பேன். "காத்திருந்து எடுத்தது" என்று தலைப்புப் போடுகிறார்களே, அதுதான் குற்றம். சுற்றுலா விளம்பரங்களிலும் இது நடக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாலம் அழகைக் கெடுக்கிறது என்று அழித்துவிட்டு, புதுப்படம் என்று போடுகிறார்கள். பாலம் பிடிக்கவில்லை என்றால் அது தெரியாத கோணத்தில் போய் நின்று எடுக்கலாமே.

ஒரு பிக்சல்கூட மாற்றாமலும் பொய் சொல்லலாம் என்பதைக் கூட்டாளிக்குச் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் சிறந்த வனவிலங்குப் புகைப்படக்காரர் என்ற பெரிய விருது, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய் படத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் பறித்துவிட்டார்கள். அது காட்டு ஓநாய் இல்லை, பழக்கப்படுத்திய ஓநாயாகத்தான் இருந்திருக்கும் என்று நடுவர்கள் முடிவு செய்தார்கள். ஃபோட்டோஷாப்புக்கு அங்கே வேலையே இல்லை. நம் தேரூர், சுசீந்திரம் குளங்களிலும் இதற்கு ஒரு சிறிய வடிவம் உண்டு. பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்து கொக்குக் கூட்டத்தைக் கிளப்புவார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய ஈரநிலம் அது. கல்லெறிந்து எடுத்த படத்தை எடிட் இல்லாத படம் என்று பெருமையாகப் போடுவதைக் காட்டிலும், இருட்டில் எடுத்துப் பிறகு வெளிச்சம் கூட்டிய படம் எவ்வளவோ மேல்.

செய்திக்கு எடுத்தால் விதி கடுமை. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் வெளிப் புகைப்படக்காரர்களிடம் ராவிலிருந்து மாற்றிய படம் வேண்டாம், கேமராவே தந்த ஜேபெக் போதும் என்று சொல்லிவிட்டது. ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் சாய்ந்து கிடந்த வாழையும் ரப்பரும் மாதிரி, நிவாரணத்துக்குப் போகும் படங்களுக்கும் நான் அதே விதியைத்தான் வைப்பேன். எடுத்த நேரம், இடம் உள்ள மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

சரி, கேமரா. நீங்கள் கேட்ட இரண்டு வேலையும் வேறு வேறு. கல்யாணத்துக்கு வெளிச்சம் குறைந்த இடம், திரும்ப வராத தருணம். பறவைக்குத் தூரம். 70,000க்குள் இரண்டுக்கும் புதிதாக வாங்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். கல்யாணத்தை முதலில் பாருங்கள், பறவைக்கான லென்ஸ் அந்த வருமானத்தில் வரட்டும்.

கல்யாண வேலைக்கு நான் முதலில் பார்ப்பது இரண்டு மெமரி கார்டு போடும் வசதி. தாலி கட்டும் படம் இருந்த கார்டு செத்துப்போனால் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பீர்கள்? கேனான் ஆர்50, நிகான் இசட்50 II, சோனி ஏ6400 எல்லாம் நல்ல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள்தான், ஆனால் மூன்றிலும் ஒரே கார்டு. அதனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் உள்ளே கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் பக்கம் போவேன். எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் அவை இப்போது தாராளமாக விற்பனைக்கு வருகின்றன. 2015இல் வந்த நிகான் டி7200இல் இரண்டு கார்டு போடலாம், 24 மெகாபிக்சல், நிறம் திருத்த நிறைய இடம் தரும் 14 பிட் ரா. உங்கள் வேலைக்கு இது தாராளம். இரண்டாவது கார்டை பேக்கப் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே படம் இரண்டிலும் பதியும், நிரம்பினால் மாறும் வகையில் வைக்காதீர்கள்.

பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, பணத்தில் பாதிக்கு மேல் போடாதீர்கள். மீதி லென்ஸுக்கும் ஃபிளாஷுக்கும். கூடவே வரும் கிட் லென்ஸை ஜூம் செய்தால் எஃப் 5.6 ஆகிவிடும், எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப் 1.8 உள்ள 35 அல்லது 50 எம்எம் லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பத்மநாபபுரம் அரண்மனையின் இருண்ட மர அறைகளில் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கேமராவை மாற்றியது போலவே இருக்கும். அரண்மனையில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

எடிட் மென்பொருளான லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லையா, அதே வேலையைச் செய்யும் டார்க்டேபிள் இலவசம். லேப்டாப் திரையின் வெளிச்சத்தைப் பாதியாக்கிவிட்டு எடிட் செய்யுங்கள். முழு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும் படம் லேபில் பிரிண்ட் போட்டால் கருத்து வரும், அப்புறம் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆறுக்கு நாலு அளவில் ஒரு பிரிண்ட் எடுத்துத் திரையோடு ஒப்பிட்டு, வெளிச்சத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

பழையது வாங்கும்போது இரண்டு பார்வை பார்க்க வேண்டும். ஒன்று, ஷட்டர் எண்ணிக்கை, அதாவது அந்தக் கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பது. டி7200 ஒன்றரை லட்சம் வரை சோதிக்கப்பட்டது, நிகான் கேமராக்கள் அந்த எண்ணைப் படத்தோடு சேர்த்தே எழுதிவிடும். அன்றைக்கு எடுத்த ஜேபெக் படத்தைப் போட்டால் காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன.

இரண்டாவது பூஞ்சை, நம் மாவட்டத்தில் இதுதான் பெரிய வில்லன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கிறது, கடலும் பக்கத்திலேயே. லென்ஸின் இரண்டு முனை மூடியையும் கழற்றி, வெளிச்சம் நுழையும் துவாரமான அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். உள்ளே மெல்லிய நூல் நூலாகக் கிளை விட்டுத் தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம், மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்கவும் கூடாது. வாங்கிய பிறகு தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கினால் மறுபடி உபயோகிக்கலாம். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது, அதனால் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், வீட்டில் அடி விழும். முட்டத்திலோ சங்குத்துறையிலோ எடுத்துவிட்டு வந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாடியைத் துடைத்துக் காயவிட்டுத்தான் டப்பாவில் வைக்க வேண்டும். கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.