மரை பொருந்தினால் மட்டும் போதாது

கேள்வி: என் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்ற வேண்டும். பழைய பிளக்கில் ‘பிபிஆர்6இஎஸ்’ என்று போட்டிருக்கிறது. கடையில் அதே என்ஜிகே கம்பெனியின் ‘பிபிஆர்7இஎஸ்’தான் இருக்கிறதாம். மரை ஒன்றுதான், தாராளமாகப் போடலாம் என்கிறார்கள். போடலாமா? இல்லை, பிக்கப் கூடும் என்கிறார்களே, இரிடியம் என்ற உலோக முனை வைத்த பிளக்கே வாங்கிவிடவா?

பதில்: மரை ஒன்றுதான், அதில் பொய் இல்லை. முதலில் வரும் ‘பி’ என்றால் 14 மி.மீ. விட்டம், ‘இ’ என்றால் 19 மி.மீ. நீளம், இரண்டிலும் அதேதான். மாறியிருப்பது நடுவில் உள்ள எண். பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜின் ஹெட்டுக்குக் கடத்திவிடும் என்பதை அது சொல்கிறது. முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மேலே படியும் கரி எரிந்து போகும். 800-ஐத் தாண்டிச் சென்றால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும், பிஸ்டனே ஓட்டையாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் முனையை வைத்திருக்கும் எண்ணைத்தான் இன்ஜினைச் செய்தவர்கள் சோதித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி. ஆகவே 7 உங்கள் இன்ஜினைக் கெடுத்துவிடாது, அவசரத்துக்குச் சில நாள் ஓட்டலாம். ஆனால் பக்கத்துத் தெரு வரை போய் வருகிற ஓட்டத்தில் முனை சூடேறாமல் கரி பிடிக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். 5-ஐக் கொடுத்தால் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். இன்னொன்று, பாஷ் பிளக்குகளில் கணக்கு தலைகீழ்: எண் கூடினால் சூடு. கம்பெனி மாற்றுவதானால் எண்ணை வைத்து ஊகிக்காமல் அவர்களுடைய பொருத்தப் பட்டியலைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், கழற்றிய பிளக்கே சரியானதுதானா? முன்பு யாரோ தவறாக மாட்டியிருக்கலாம். வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. அங்கே கடைசியில் ‘-11’ என்று இருந்தால் அதையும் விடாதீர்கள், ஸ்பார்க் தாவும் இடைவெளி 1.1 மி.மீ. என்று அர்த்தம். ‘ஆர்’ இல்லாத பிளக்கும் வேண்டாம். ‘ஆர்’ என்பது உள்ளே இருக்கும் ரெசிஸ்டரை, அதாவது மின்தடையைக் குறிக்கிறது. அது இல்லாவிட்டால் ரேடியோவில் இரைச்சல் வரும், இன்ஜினின் எலக்ட்ரானிக்ஸும் குழம்பலாம்.

சரி, இரிடியம். நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் அதனால் பிக்கப் கூடிவிடாது. தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதிதாக எதைப் போட்டாலும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். இரிடியத்தின் உண்மையான லாபம் ஆயுள்தான். பிளக்கை எட்டிக் கழற்றுவது பெரும்பாடாக இருக்கும் இன்ஜினுக்கு அது தாராளமாகத் தகும். உங்கள் பிளக்குக்கு ஈடானது ‘பிபிஆர்6இஐஎக்ஸ்’. அதன் நடு முனை வெறும் 0.6 மி.மீ. தடிமன், இடைவெளி அளக்கும் கேப் கேஜை வைத்து நெம்பினால் உடைந்துவிடும்.

இன்ஜின் ஆறியபிறகு மாட்டுங்கள். முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். உட்கார்ந்ததும், வாஷருள்ள புதுப் பிளக்குக்கு ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் உங்களை அறியாமலே அதிகமாக முறுக்கிவிடுவீர்கள்.