பந்தயத் துடுப்புக்குத் தேக்கு சரிப்படுமா?

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்தில் ஸ்டாண்ட்-அப் பேடில் (பலகையில் நின்றபடி துடுப்பு வலிப்பது) பயிற்சி எடுக்கிறேன். உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ. என்னிடம் இருப்பது அலுமினியத் துடுப்பு. நீண்ட தூரப் பயிற்சி முடிந்தால் தோள் தூக்க முடியவில்லை. கார்பன் துடுப்பு கட்டுப்படியாகாது. மரத்தில் செய்துகொள்ளலாமென்றால், தேக்கில் செய்தால்தான் உழைக்கும் என்கிறார் ஆசாரி. எந்த மரம், என்ன அளவு?
— வாசகர், எர்ணாவூர்

பதில்: தேக்கு வேண்டாம். ஆசாரி சொல்வது படகுக்குச் சரி. படகு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். துடுப்பை ஒவ்வொரு இழுப்புக்கும் நீங்கள்தான் தூக்கியாக வேண்டும். உங்கள் அளவுக்கான துடுப்பைத் தேக்கில் செய்தால் ஒரு கிலோவைத் தாண்டும். அதற்கு இப்போதுள்ள அலுமினியமே மேல். எடை குறைந்த மரத்தில் ஒழுங்காகச் செய்தால் 700 முதல் 750 கிராமுக்குள் முடியும். அதிலும் அலகில், அதாவது தண்ணீரைத் தள்ளும் பலகைப் பகுதியில், குறைகிற எடைதான் தோளைக் காப்பாற்றும். கைப்பிடிப் பக்கம் 50 கிராம் கூடினாலும் அவ்வளவாகத் தெரியாது.

தண்டுக்குப் பைன், அலகுக்கு மலைவேம்பு எடுங்கள். மலைவேம்பு வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளில் இல்லாவிட்டால் அலகுக்கும் பைனே போதும். துறைமுகத்துக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளின் நீளமான அடிக்கட்டைகள் பெரும்பாலும் பைன்தான். பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கட்டையில் ‘எச்டி’ (HT) என்று முத்திரை இருந்தால் சூடுகாட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது, விட்டுவிடுங்கள். தண்டுக்கான கட்டையில் முடிச்சு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மர ரேகை கட்டையின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும்; ஓரடி நீளத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் விலகிப்போனால் அந்த இடத்தில்தான் முறியும். சவுக்குக் கட்டை வேண்டாம், கனம் அதிகம். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டி நிழலில் வைத்துத் தினமும் எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

மொத்த நீளம் உங்கள் உயரத்தோடு 20 செ.மீ. கூட்டி 190. அலகு 42 செ.மீ. நீளம், அகன்ற இடத்தில் 18.5 செ.மீ. அகலம். வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து சதுரங்களை எண்ணினால் 540 சதுர செ.மீ. அளவில் வர வேண்டும். 200 மீட்டர் ஸ்பிரிண்ட் மட்டும் ஓடுகிறவர் 600 வரை போகலாம். நெடுந்தூரத்துக்கு அது தோளைக் கெடுக்கும்.

அலகு தண்டிலிருந்து முன்பக்கமாக 10 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். ஒரே கட்டையில் இந்தச் சாய்வைச் செதுக்கினால் கழுத்தில், அதாவது அலகும் தண்டும் சேரும் இடத்தில், ரேகை அறுந்துவிடும். அதனால் பைனை இரண்டு நூல் (கால் அங்குலம்) கனத்தில் ஐந்து ரீப்பர்களாக அறுத்து, எப்பாக்சிப் பிசின் தடவி, 11 டிகிரி வளைவுள்ள அச்சின் மேல் அடுக்கிக் கிளாம்ப் போடுங்கள். கழற்றும்போது கொஞ்சம் நிமிரும், அதற்குத்தான் அந்த ஒரு டிகிரி. வளைவு ஓரிடத்தில் மடிந்ததுபோல் இல்லாமல் கழுத்தின் இருபுறமுமாக 40 செ.மீ. நீளத்துக்குப் பரவட்டும். இந்த அடுக்கு அலகின் நுனிவரை நடுத்தண்டாக ஓட, இருபுறமும் மலைவேம்புப் பலகையை ஒட்ட வேண்டும். இழைத்து முடிக்கும்போது தண்டு 32-க்கு 28 மி.மீ. நீள்வட்டம், அகலப் பக்கம் வலிக்கும் திசையில். அலகு நடுவில் 15 மி.மீ., ஓரத்தில் 5 மி.மீ. தண்ணீரைத் தள்ளும் முகத்தில் நடுமேடு 3 மி.மீ.யாவது நிற்கட்டும், அதைச் சமமாக இழைத்துவிட்டால் வலிக்கும்போது அலகு பக்கவாட்டில் ஆடும். கழுத்தை மட்டும் அவசரப்பட்டு மெலிய விடாதீர்கள். கையால் செய்த துடுப்பு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி பிசின். காசிமேட்டில் ஃபைபர் படகுக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினும், மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பும் சுலபமாகக் கிடைக்கும். இரண்டையும் துடுப்பில் போடாதீர்கள். பாலியெஸ்டர் மரத்தை உறுதியாகப் பிடிக்காது, சில மாதத்தில் தோலாக உரியும். மேட் நிறைய ரெசினைக் குடித்துக் கனமாகும். அதன் இழைகளைப் பிணைக்கும் பொருளும் எப்பாக்சியில் கரையாது. எப்பாக்சியும், சதுர மீட்டருக்கு 130 முதல் 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடித் துணியும் வாங்குங்கள். அலகின் இருபுறமும் ஒவ்வொரு அடுக்கு போதும். கழுத்தில் மட்டும் இரண்டு.

படகு வேலை செய்து பழகியவர்கள், சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (பிசினை இறுக வைக்கும் திரவம்) கூட்டி ஊற்றுவார்கள். பாலியெஸ்டரில் கேட்டலிஸ்டைக் கூட்டினால் வேகமாக இறுகும். எப்பாக்சியில் அந்தக் கணக்கு செல்லாது. விகிதம் தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். டின்னில் போட்டுள்ள விகிதப்படி டிஜிட்டல் தராசில் எடை போட்டு, ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காமல், அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்யுங்கள். குவளையில் குவிந்து கிடந்தால் சூடேறி அங்கேயே கட்டியாகிவிடும்.

நேரமும் முக்கியம். காலையில் தடவினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக மேலே வரும். மாலை நான்கு மணிக்கு மேல், மரம் குளிரத் தொடங்கும்போது தடவுங்கள். நம் கடலோர ஈரக் காற்றில் மறுநாள் மேலே மெழுகுபோல் ஒரு பிசுக்கு படியலாம். உப்புத்தாள் போடுவதற்கு முன் தண்ணீரும் நாரும் கொண்டு அதைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கழுவாமல் அடுத்த பூச்சு ஏற்றினால் ஒட்டாது. கடைசியாக, புற ஊதாக் கதிரைத் தாங்கும் மரைன் வார்னிஷ் மூன்று பூச்சு. எப்பாக்சி தனியாக வெயிலைத் தாங்காது.

முகத்துவாரத்தில் மணல் திட்டும் ஆளிப் படுகையும் உண்டு, அலகு ஓரம் இடிபடாமல் இருக்காது. கண்ணாடித் துணி போடுவதற்கு முன்பே ஓரம் முழுக்க 4 மி.மீ. பள்ளம் எடுத்து, எப்பாக்சியில் ஊறவைத்த ரோவிங் எனும் கண்ணாடி இழை நூலை அதில் பதித்து, இறுகிய பின் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

கைப்பிடியை உடனே ஒட்ட வேண்டாம். தண்டை 5 செ.மீ. கூடுதல் நீளமாகவே விட்டு, கைப்பிடியை டேப் சுற்றி நிறுத்தி இரண்டு வாரம் வலித்துப் பாருங்கள். மேல்கை தலைக்கு மேலே ஏறினால் ஒரு செ.மீ. குறையுங்கள். அளவு அமைந்த பிறகு எப்பாக்சி போட்டு ஒட்டலாம். திருகாணி அடித்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும்.

துணிக்கு அடியில் எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் துணி அங்கே மரத்தை விட்டிருக்கிறது, தண்ணீரும் இறங்கியிருக்கலாம். அந்த இடத்தைச் சுரண்டித் திறந்து, ஒரு வாரம் நிழலில் காயவிட்ட பிறகே மறுபடி எப்பாக்சி தடவுங்கள்.