எலுமிச்சையை விடுங்கள், தொண்டையைச் சொல்லுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரில் இருக்கிறேன், வயது 41. இந்த ஊரில் பிரபலமான இறால் கிரிட்ஸை (மக்காச்சோள ரவைக் கஞ்சியோடு வதக்கிய இறால்) வீட்டிலேயே செய்யப் பழகிவிட்டேன். கடந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை, சாப்பிட்ட கால் மணி நேரத்தில் உதடு குறுகுறுத்து உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. கடைசி முறை தொண்டை அடைத்த மாதிரி இருந்து குரல் கம்மியது. செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. அன்று முட்டிவலிக்கு ஐபுபுரூஃபென் போட்டிருந்தேன். இறாலோடு எலுமிச்சை சேர்ந்தால் ஆர்சனிக் விஷமாகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதனாலா? முதுகு நரம்பைச் சரியாக எடுக்காததாலா? கொலஸ்ட்ரால் பயமும் இருக்கிறது. எலுமிச்சையை நிறுத்திவிட்டு, சாப்பிடும் முன்பே ஒரு செட்டிரிசின் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்கும் வரை இறாலை வாயில் வைக்காதீர்கள். செட்டிரிசின் போட்டுக்கொண்டும் கூடாது.

குரல் கம்மியதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு எலுமிச்சைக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் ஆற அமரப் பேசலாம். தடிப்போடு குரல் மாறுவது, தொண்டை இறுகுவது, மூச்சு இழுப்பது, தலை கிறுகிறுப்பது, அடுக்கடுக்காக வாந்தி வருவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதன் பெயர் அனாஃபிலாக்ஸிஸ், உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. குரல் கம்முவதற்குக் காரணம் குரல்வளை வீங்குவது. காற்று போகிற வழியும் அதுதான்.

செட்டிரிசின் உங்களைக் காப்பாற்றவில்லை. அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். வீங்கும் தொண்டையைத் திறக்காது, விழுகிற ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அன்று உடம்பு தானாக அடங்கியது. பெயரை மாத்திரை வாங்கிக்கொண்டது. முன்கூட்டியே போட்டுக்கொண்டால், முதலில் எச்சரிக்கிற அந்தத் தடிப்பு மறைந்துபோய், நேராகத் தொண்டையில் போய் நிற்கலாம். குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கிற வேலை இது.

‘இத்தனை வருஷமாகச் சாப்பிட்டேனே’ என்று கேட்பீர்கள். இறால் ஒவ்வாமை வயது வந்த பிறகு தொடங்குவது சாதாரணம். பெரும்பாலும் காரணம், இறாலின் தசையில் இருக்கும் டிரோப்போமயோசின் என்ற புரதம். இது சூட்டுக்கு அசையாது. கிரிட்ஸ் முக்கால் மணி நேரம் மெல்ல வேகும், இறாலைக் கடைசியில் மூன்று நிமிடம் வதக்கினால் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். சந்தேகத்துக்கு அரை மணி நேரம் வேகவிட்டாலும் இறால் ரப்பராகும், ஒவ்வாமை போகாது. இன்னொன்று: ஓட்டையும் தலையையும் கொதிக்கவைத்த தண்ணீரில் கிரிட்ஸை வேகவைக்கிற பழக்கம் இருந்தால், இறாலை ஒதுக்கிவிட்டு வெறும் கிரிட்ஸைச் சாப்பிடுவதும் ஆபத்துதான். அந்தப் புரதம் ஆவியிலும் வரும். வேறு யாராவது இறால் வேகவைக்கும்போது அடுப்பருகே நிற்காதீர்கள்.

ஐபுபுரூஃபென் பற்றி எழுதியது நல்லது. அந்த வகை வலிமாத்திரை, உடற்பயிற்சி, மது இவையெல்லாம் சாதாரணமாகப் போகவேண்டிய ஒவ்வாமையைக் கடுமையாக்கக்கூடும். மூன்றாவது முறை ஏன் மோசமானது என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக, மாத்திரை இல்லாத நாளில் இறால் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ செய்வார். இறால் கறுக்காமல் இருக்கச் சேர்க்கும் சல்பைட்டையும் கணக்கில் எடுப்பார். காலையில் அடுக்குத் தும்மல் வருமா என்று கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். தூசிப் பூச்சி, கரப்பான் இரண்டிலும் இதே குடும்பத்துப் புரதம் உண்டு. நண்டையும் சிங்கி இறாலையும் அதுவரை தொடவேண்டாம். வஞ்சிரம் மாதிரி மீனில் ஒவ்வாமை தருவது வேறு புரதம், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கிறார்களே, அதற்குப் பணம் கட்டாதீர்கள். சோறும் பருப்பும்கூட ஆகாது என்று காகிதம் வரும்.

அவரிடம் எபிநெஃப்ரின் கேட்டு வாங்குங்கள், அனாஃபிலாக்ஸிஸுக்கான அவசர மருந்து அது. தானே குத்திக்கொள்ளும் ஊசி, இரண்டு வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும் 2024-இல் அங்கே அனுமதி பெற்றிருக்கிறது. ஊசி என்றால் தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே போடலாம். போட்டதும் அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். படுத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காருங்கள், எழுந்து நடக்கவேண்டாம். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி. அடங்கிவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது, சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். ஊசி கைக்கு வருவதற்குள் இப்படி வந்தால் மாத்திரை தேடாமல் நேராக 911.

மற்றவை. ஆர்சனிக் கதை பழைய புரளி. இறாலில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் தீங்கற்ற வகை. ஒரு தட்டு இறாலும் எலுமிச்சையும் சேர்ந்து விஷமாகாது. மீனவர்களின் காலை உணவாக இருந்த இந்தப் பதார்த்தத்தை அமெரிக்கா முழுக்கப் பிரபலமாக்கியது வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் சமையல் கலைஞர் பில் நீல் நடத்திய உணவகமும், 1985-இல் நியூயார்க் டைம்ஸில் உணவு எழுத்தாளர் கிரெய்க் கிளெய்போர்ன் அதைப் பற்றி எழுதியதும்தான். நீலின் செய்முறையிலேயே எலுமிச்சைச் சாறு உண்டு. முதுகு நரம்பு? அது நரம்பே இல்லை, குடல். எடுக்காவிட்டால் மண் நறநறக்கும். கொலஸ்ட்ரால்? நூறு கிராம் இறாலில் சுமார் 190 மில்லிகிராம் இருக்கும், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதே தட்டில் இருக்கும் வெண்ணெயையும் சீஸையும் பேக்கனையும் பாருங்கள்.

கிரிட்ஸை விட்டுவிட வேண்டியதில்லை. அது மக்காச்சோள ரவைதானே, காளானை வதக்கிப் போட்டுச் சாப்பிடுங்கள், இறால் படாத வாணலியில். அப்புறம், ஊருக்கு வந்தால் சென்னாக்குன்னிப் பொடி போட்ட குழம்பும் இறால்தான் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். விமானத்தில் ஊசி இரண்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.