பதிப்புரிமைப் பாடத்தை எழுதுவது யார்? சில கேள்விகள், பதில்கள்

பள்ளிப் பிள்ளைகளின் பதிப்புரிமை (காப்பிரைட்) பாடத்தில் சினிமா, இசைக் கம்பெனிகள் தலையிடுகின்றன என்று அடிக்கடி சொல்கிறீர்கள். ஆதாரம் உண்டா?

உண்டு. எல்லாம் பகிரங்கமாகவே நடந்தவைதான். 2003-இல் ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் சங்கமான எம்பிஏஏ, ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்போடு சேர்ந்து அமெரிக்காவில் 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை பாடம் நடத்தியது. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி சாரணச் சிறுவர்களுக்கு, பதிப்புரிமையை மதிக்கக் கற்றால் ஒரு பேட்ஜ் என்று அறிவித்தார்கள், அதற்குப் பின்னாலும் இதே சங்கம்தான். அப்புறம் 2013-இல் கலிஃபோர்னியாவில், யூகேஜி வயதுப் பிள்ளைகள் தொடங்கி 6-ஆம் வகுப்பு வரைக்கும் ஒரு பாடத்திட்ட வரைவு வந்தது. அதை ஆதரித்த மையத்தில் எம்பிஏஏ, இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம், பெரிய இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாரும் இருந்தார்கள்.

அடுத்தவர் உழைப்பைத் திருடாதே என்று சொல்வதில் என்ன தப்பு?

ஒரு தப்பும் இல்லை, என் பிள்ளைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். சட்டத்தின் பாதியை மட்டும் சொல்லிவிட்டு அதுதான் முழுச் சட்டம் என்று நம்பவைப்பதுதான் தப்பு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது: விமர்சனம், கற்பித்தல், ஆய்வு, செய்தி மாதிரியான காரியங்களுக்கு, எதற்காக எடுத்தோம், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தோம், அதனால் படைப்பின் விற்பனை பாதிக்குமா என்ற நான்கையும் பார்த்து முடிவு செய்வார்கள். 2013 வரைவில் இது இல்லவே இல்லை. கேட்டதற்கு, இந்த வயதில் புரியாது என்றார்கள். படித்த கதையைப் பற்றி எழுதும்போது அதிலிருந்து இரண்டு வரி எடுத்துப் போடலாமா என்று ஒரு 10 வயதுப் பிள்ளை கேட்டால், போடலாம் என்று சொல்லிக் காரணத்தையும் விளக்க முடியாதா? அனுமதி கேள் என்பதை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை தனக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையையே குற்றம் என்று நினைக்கும். எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

பிள்ளைகளுக்குப் பதிப்புரிமை சொல்லிக்கொடுக்கக் கனடாவில் ஒரு கார்ட்டூன் ஹீரோ வந்தாராமே?

கேப்டன் காப்பிரைட், 2006. கொண்டுவந்தது ஆக்சஸ் காப்பிரைட் என்ற உரிமக் கட்டண அமைப்பு. பள்ளிகள் நகலெடுப்பதற்குக் கட்டணம் வசூலிப்பவர்களே நகலெடுப்பதைப் பற்றிப் பாடமும் எழுதினால் அது எந்தப் பக்கம் சாயும் என்று நீங்களே யோசியுங்கள். இத்தனைக்கும் 2004-இலேயே கனடா உச்ச நீதிமன்றம், நியாயமான பயன்பாடு என்பது பயனாளரின் உரிமை, அதைக் குறுக்கிப் பார்க்கக் கூடாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்திருந்தது. கேப்டன் காப்பிரைட் இணையதளத்தின் விதிமுறையில் இன்னொன்றும் இருந்தது: அமைப்பின் பெயருக்குக் கெடுதல் செய்கிற தளங்கள் இங்கே இணைப்புக் கொடுக்கக் கூடாதாம். வெறும் இணைப்புக்குக்கூட அனுமதி! நூலகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், 2007-இல் அந்த அமைப்பு தளத்தையே எடுத்துவிட்டது.

மாற்றுப் பாடம் ஏதாவது?

2009-இல், இணையத்தில் பயனாளர் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் என்ற அமெரிக்க அமைப்பு ஒன்றை வெளியிட்டது. அதுவும் ஒரு தரப்புதான், அதைச் சொல்லிவிட்டே வகுப்பில் கொடுங்கள்.

நான் அமெரிக்காவில் ஆசிரியை. இலவசமாக வரும் பாடப் பொதியை எப்படிச் சோதிப்பது?

பணம் யார் கொடுத்தது என்று முதலில் பாருங்கள். அப்புறம் பயிற்சித் தாளை எடுத்து, எல்லாக் கேள்விக்கும் சரியான விடை "அனுமதி கேட்க வேண்டும்" என்பதாகவே இருக்கிறதா பாருங்கள். உரிமைக் காலம் முடிந்த படைப்புகள், கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிடும் உரிமம்) பற்றி ஒரு வரியாவது வேண்டும். லாப நோக்கமற்ற பள்ளியில், பாடத்தின் பகுதியாக, முறையாக வாங்கிய படத்தை ஆசிரியர் வகுப்பறையிலேயே போட்டுக் காட்டலாம் என்று அமெரிக்கச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு சொல்கிறது. இதையும் மறைத்திருந்தால் அந்தப் பொதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.