சிமுலேட்டரில் வரும் கோர்செயர் நிஜத்துக்கு எவ்வளவு நெருக்கம்?

இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கப் போர்விமானமான எஃப்4யூ கோர்செயர், சிமுலேட்டரில் நிஜம்போலப் பறக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது எனக் கேட்டிருக்கிறீர்கள். காக்பிட் அழகை விடுங்கள், அதை யாரும் வரைந்துவிடலாம். சக்கரம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி) இரண்டையும் இறக்கி, வேகத்தை மெல்லக் குறையுங்கள். ஆரம்பகாலக் கோர்செயரில் இடது இறக்கைதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும், அதுவும் திடீரென்று. இதைச் சரிசெய்யவே பின்னால் வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பட்டையைப் பொருத்தினார்கள். அதனால் எந்த மாடல் என்று பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

அப்புறம், அதே வேகத்தில் எஞ்சின் திறனைக் கூட்டும் திராட்டிலை முழுதாகத் தள்ளுங்கள். 2,000 குதிரைத்திறன் எஞ்சின், சுமார் 4 மீட்டர் புரொப்பல்லர்; இரண்டும் சேர்ந்து விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். வலது ரடர் (வாலில் உள்ள சுக்கான்) கொடுக்காமலே நேராகப் போனால் அது பொம்மைதான். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது நீண்ட மூக்கு தளத்தை மறைக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை விமானிகள் வளைந்து வந்து இறங்கியது அதற்காகத்தான்.