தெருவில் ராணுவ வண்டி நின்றால் ராணுவச் சட்டமா?

கேள்வி: புதுச்சேரி கிருஷ்ணா நகர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் பகுதிக்கு ராணுவம் வந்தது. இரண்டே நாளில் தென்கொரியாவில் ராணுவச் சட்டம் என்று டிவியில் சொன்னார்கள். "இங்கே வந்ததும் அதுதான், 144-ம் அதில் ஒரு வகைதான்" என்கிறார் மைத்துனர். அப்படி ஒன்று வந்தால் கடையை மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?

பதில்: உங்கள் மைத்துனர் அரிசி, பருப்பு, புளி மூன்றையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டார். பிரித்துக் கொட்டுவோம்.

டிசம்பர் 1 அன்று வந்த வீரர்கள் நிர்வாகம் உதவிக்குக் கூப்பிட்டு வந்தவர்கள். கலெக்டரின் அதிகாரம் கலெக்டரிடமே இருந்தது. ஆட்களை மீட்டார்கள், போனார்கள். கலவரத்தை அடக்க வந்தாலும் இதே கதைதான். கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைப்பவர் மாஜிஸ்திரேட்.

ராணுவச் சட்டம் என்பது வேறு. அங்கே சிவில் நிர்வாகம் ஒதுங்கிவிடும், தளபதி போடும் உத்தரவே சட்டம், விசாரணையும் ராணுவத்தின் கையில். பஞ்சாபில் 1919-லும், நம் கடலூர் இருந்த அதே சென்னை மாகாணத்தின் மலபாரில் 1921-லும், சோலாப்பூரில் 1930-லும் வெள்ளைக்காரன் இதைப் போட்டான். அமிர்தசரஸில் ஒரு தெருவை இந்தியர்கள் ஊர்ந்துதான் கடக்க வேண்டும் என்று உத்தரவு. லாகூர் சங்கதி உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கும்: ஹர்த்தாலுக்காக வியாபாரிகள் கடையடைத்திருந்தார்கள், ராணுவம் போட்டது கடையைத் திறக்கச் சொல்லும் உத்தரவு!

நம் அரசியலமைப்பில் ராணுவச் சட்டத்துக்கு விளக்கமும் இல்லை, அதை யார் அறிவிப்பது என்றும் இல்லை. 34-வது பிரிவு மட்டும் அந்தப் பெயரைச் சொல்கிறது. அப்போது அதிகாரிகள் செய்த காரியங்களுக்குப் பிறகு நாடாளுமன்றம் சட்டப் பாதுகாப்பு தரலாம், அவ்வளவுதான். 1950-க்குப் பிறகு இங்கே அதை யாரும் அறிவித்ததில்லை. 1975 நெருக்கடி நிலைகூட 352-வது பிரிவில் வந்தது, ராணுவம் ஆளவில்லை. தென்கொரியாவிலோ அதிபருக்கு அந்த அதிகாரம் எழுத்திலேயே உண்டு. ஆனாலும் அன்றிரவே 190 எம்.பி.க்கள் கூடி எதிர்த்து வாக்களித்தார்கள், விடிவதற்குள் வாபஸ்.

(1950-ம் ஆண்டு ராணுவச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது படைவீரர்களின் ஒழுங்குக்கானது. ஒரே பெயர் இருப்பதால் பத்திரிகைக்காரர்களே குழம்புகிறார்கள்.)

சரி, உங்கள் கடைக்கு வருவோம். நீங்கள் கவனிக்க வேண்டியது 144-ஐத்தான். 2024 ஜூலை 1 முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163-வது பிரிவு, ஊர் வாயில் இன்னும் 144தான். கலெக்டர் போடலாம், இரண்டு மாதம் செல்லும். அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஓராண்டு, 5,000 ரூபாய் வரை போகும். வழக்கு வழக்கமான கோர்ட்டில்தான். உத்தரவையே எதிர்க்க வேண்டுமென்றால் சென்னை உயர் நீதிமன்றம்.

144 என்றாலே ஷட்டரை இறக்க வேண்டியதில்லை. உத்தரவு எழுத்தில் இருக்கும், வாங்கிப் படியுங்கள். கடையைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆட்கள் கூடத்தான் தடை என்றால் வியாபாரம் செய்யலாம், வாசலில் கும்பல் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நகலை போனில் படம் எடுத்து வையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு ரோந்து வரும் போலீஸ்காரரிடம் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.